ஊர் தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர்: வரலாற்றை எங்கிருந்து எடுப்பது?

அக்கானி88:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் திருவட்டாறு பக்கம் ஒரு சின்ன ஊர். இப்போது வேலை துபாயில். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள், மலரும் போடுகிறார்கள். "நீ நல்லா எழுதுவியே மக்கா" என்று சொல்லி, பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "தோற்றமும் வளர்ச்சியும்". நாலு பக்கம் வேண்டுமாம்.

கையில் இருப்பது கொஞ்சம்தான். பழைய கட்டடத்தின் வாசல்படிக்கு மேலே ஒரு கல்லில் 1099 என்று மட்டும் வெட்டியிருக்கிறது. அதை வைத்து விழாக் குழு சுற்றுச்சுவரில் "தோற்றம் 1924" என்று பெயிண்ட் அடித்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "900 ஆண்டு பழமையான பள்ளி" என்று பகிர்ந்து, அதற்கு அறுபது பேர் கைதட்டியிருக்கிறார்கள். அது தனிக் கதை.

நிலம் கொடுத்தது எங்கள் தாத்தா என்று இரண்டு குடும்பங்கள் சொல்கின்றன. இரண்டும் இப்போது பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள். எங்கள் சித்தப்பா எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மிஷன்காரர்கள் தொடங்கிய பள்ளி என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியோ அவருடைய அப்பா ஓர் ஆசானிடம் மணலில் எழுதிப் படித்தார் என்கிறார்.

நான் படித்தபோது ஒவ்வொரு வகுப்பும் ஏ, பி என்று இரண்டு பிரிவு. இப்போது மொத்தமே 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இதில் "வளர்ச்சி" என்று என்னத்தை எழுத? இப்படி எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


நாஞ்சில்வயல்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை தம்பி? கல்லில் உள்ள வருடம், தலைமையாசிரியர்கள் பட்டியல், நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல், கடைசியில் ஒரு குறள். நாலு பக்கம் நிரம்பிவிடும். எங்கள் தோவாளைப் பக்கத்துப் பள்ளிக்கு அப்படித்தான் போட்டோம். மலரை யார் வாசிக்கிறார்கள்? தன் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள்.


பழைய_டீச்சர்:

நாஞ்சில்வயல் சொன்னபடி செய்தால் வேலை ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த நாலு பக்கத்தை எந்த ஊர்ப் பள்ளியின் பெயரைப் போட்டும் அச்சடிக்கலாம். நான் கல்குளம் தாலுகாவில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளி விழாவுக்கு இதே வேலையைச் செய்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1099. அது கொல்லம் ஆண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நம் நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை திருவிதாங்கூர், கடைசி ஏழு வருடம் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பழைய கல், பிரமாணம் (பத்திரம்), பள்ளிப் பதிவேடு எதைத் தொட்டாலும் கொல்லம் ஆண்டுதான் வரும். அது சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கும். 1099 என்றால் 1923 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1924 ஆகஸ்ட் நடு வரை. சிங்கத்திலிருந்து தனு (மார்கழி) பாதி வரைக்கும் 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு 825. மாதம் தெரியாமல் 1924 என்று எழுதினால் பாதிக்குப் பாதி தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. விழாக் குழுவிடம் சொன்னால் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்பார்கள். சொல்லி வையுங்கள்.

அடுத்து, தலைமையாசிரியரிடம் கேட்டு சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அது நிரந்தரப் பதிவேடு, அழிக்கக் கூடாது. பீரோவின் அடித்தட்டில், பழைய தேர்தல் சாமான்களுக்கும் கிழிந்த தேசப்படத்துக்கும் அடியில் கிடக்கும். எங்கள் பள்ளியில் சிவப்புத் துணி அட்டை போட்டது, முதுகு முழுக்க பூச்சி அரித்தது. உங்கள் பள்ளியின் வரலாறு அதில்தான் இருக்கிறது. தலைமையாசிரியர் பட்டியலில் இல்லை.

எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, ரட்சகர் (காப்பாளர்) பெயர், அவர் தொழில், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் என்று கட்டம் ஓடும். பிறந்த தேதியை நம்பாதீர்கள். எங்கள் பதிவேட்டில் பாதிப் பிள்ளைகள் இடவ (வைகாசி) மாதத்தில் பிறந்திருக்கிறார்கள். பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஐந்து வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதிகள் அவை. தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு இடவம் போய் மே, ஜூன் வந்தது, வழக்கம் மட்டும் மாறவில்லை.

மற்ற கட்டங்கள் பொய் சொல்லாது. எங்கள் முதல் பக்கத்தில் எல்லாம் பையன்கள். தொழில் கட்டத்தில் "கிருஷி" (விவசாயம்) என்றுதான் வரிசையாக இருக்கும். கொஞ்சம் தள்ளி "பனையேற்று" வருகிறது. முதல் பெண்பிள்ளையின் எண் 63. இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள், காரணம் "வீட்டு வேலை". அதற்குப் பிறகு ஆறேழு பக்கத்துக்குப் பெண்பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பிறகு ஒரு வருடம் ஒரே சேர்க்கையில் ஏழு பேர். என்ன நடந்தது என்று விசாரித்தால், அந்த வருடம்தான் பள்ளிக்கு முதல் பெண் ஆசிரியர் வந்திருக்கிறார். இதை எந்த மலரிலும் எவரும் எழுதியதில்லை. நான் எழுதினேன்.

பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகள் தை, மாசி வந்தால் வரமாட்டார்கள். அக்கானி (பதநீர்) இறக்கும் காலம். அப்பா பனையில் இருப்பார், அம்மா கருப்பட்டி காய்ச்சுவார், பிள்ளைகள் சுள்ளி பொறுக்குவார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த மாதங்கள் முழுக்கப் புள்ளியாக இருக்கும். "தொடர் வராமை" என்று பெயரை வெட்டிவிட்டு, மழை தொடங்கியதும் அதே பிள்ளையைப் புது எண்ணில் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். ஒரே பையனுக்கு மூன்று எண் இருக்கிறது. அதனால் சேர்க்கை எண்ணை மட்டும் கூட்டி "இதுவரை இத்தனை ஆயிரம் பேர் படித்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

1942-இல் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் அந்த அரிசியை நம்பி இருந்த நாடு. அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று வருடப் பக்கங்களில் விலகிய காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். எங்கள் பதிவேட்டில் "மரணம்" என்ற சொல் அடுத்தடுத்து வருகிறது. வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் வெறும் தண்ணீரும்தான் என்று என் மாமியார் சொல்வார். அந்தப் பக்கத்தை நான் மலரில் போட்டோவாகப் போடச் சொன்னேன். விழா மலரில் மரணமா என்று எடுத்துவிட்டார்கள்.

இனி ஆசானா, மிஷனா, சர்க்காரா என்ற சண்டை. மூன்றுமே சரியாக இருக்கலாம் தம்பி. நம் ஊர்களில் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் பள்ளி வந்தது. ஆசான் திண்ணையில் மணலில் விரலால் எழுதி, பிறகு எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதிப் பழகுவார்கள். கூலி நெல்லாகவோ தேங்காயாகவோ போகும். கல்விச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் கட்டளை போட்டது பெரிய விஷயம்தான், ஆனால் அது மலையோரத்து ஊருக்கெல்லாம் வந்து சேரப் பல தலைமுறை ஆனது. அதற்கு முன்பே 1806-இல் எல்.எம்.எஸ். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலில் செமினாரி என்ற பள்ளியை நடத்தினார். இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரிக்கு வேர் அதுதான். மிஷன் ஊர்களில் கோவிலும் (சர்ச்) பள்ளியும் ஒரே ஓலைக் கூரைக்குள் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிற உபதேசியார் திங்கட்கிழமை பாடம் எடுப்பார். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள், அதுதான் பல இடங்களில் அவருக்குச் சம்பளம். சர்க்கார் அங்கீகாரமும் மானியமும் வந்தது பிற்பாடு. கல்லில் வெட்டுவது அந்த அங்கீகார வருடத்தைத்தான்.

யார் உள்ளே வர முடிந்தது என்பதையும் எழுதுங்கள். நூற்றாண்டு மலர்களில் இந்த இடத்தில் எல்லாரும் "சாதி மத பேதமின்றி" என்று ஒரு வரி போட்டுத் தாண்டிவிடுவார்கள். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அருகே ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற தலித் சிறுமியைச் சேர்க்க, தலித் தலைவர் அய்யன்காளி கூட்டிக்கொண்டு போனபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். நம் பக்கம் மட்டும் பால் வடிந்ததா? உங்கள் பதிவேட்டில் எந்தத் தெருப் பிள்ளை எந்த வருடம் முதலில் வருகிறது என்று பாருங்கள். ஆனால் பெயரையும் சாதிக் கட்டத்தையும் அச்சில் போடாதீர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். வருடத்தை மட்டும் சொன்னால் போதும்.

1956-இல் என்ன ஆனது என்று தெரிய ஆய்வுப் புத்தகத்தைத் திறங்கள். ஆய்வாளர்கள் வந்து எழுதிவிட்டுப் போகும் நோட்டு அது. எங்கள் பள்ளியில் அதுவரை பாதிக் குறிப்பு மலையாளத்தில். அடுத்த ஆய்வு தமிழில், வேறு கை, வேறு மை. சம்பளப் பட்டியல் கிடைத்தால் இன்னும் நல்லது. பழையதில் பணம், சக்கரம் என்று இருந்தால் மிரள வேண்டாம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

இன்னொன்று உண்டு, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. ஆரல்வாய்மொழி தாண்டினால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று போர்டு இருக்கும். இங்கே அரசு தொடக்கப் பள்ளி என்று இருக்கும். அங்கே ஜில்லா போர்டு நடத்தியது பிறகு ஒன்றியத்துக்குப் போனது. இங்கே திருவிதாங்கூர் சர்க்கார் நேராக நடத்தியது, சேர்ந்த பிறகும் அப்படியே அரசுப் பள்ளியாக நின்றுவிட்டது. வயதானவர்கள் இன்றும் எல்.பி.எஸ். (லோயர் பிரைமரி ஸ்கூல்) என்றுதான் சொல்வார்கள்.

கட்டடத்துக்கு ஒரு பத்தி போதும். ஓலை, ஓடு, கான்கிரீட், அவ்வளவுதான். மலரில் வழக்கமாக அதற்குத்தான் இரண்டு பக்கம் போகும். ஆனால் ஓலைக் காலத்தில் வருடா வருடம் இடவப்பாதி மழைக்கு முன்னால் யார் கூரை வேய்ந்தார்கள் என்று கேளுங்கள், அதில் கதை இருக்கும். 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் என்ன கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் பள்ளி மணி அப்படி வந்தது. தண்டவாளத் துண்டு. நம் மாவட்டத்துக்கு ரயிலே 1979-இல்தான் வந்தது, இது அதற்கு முன்பே திருநெல்வேலியிலிருந்து மாட்டு வண்டியில் வந்ததாம். ஒக்கி புயலில், 2017 நவம்பர் 30, அதைக் கட்டியிருந்த அயனி மரம் வேரோடு சாய்ந்தது. மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சோற்றுக்கு இரண்டு பத்தி கொடுங்கள். காமராஜர் மதிய உணவு தொடங்கிய அதே 1956-இல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1960களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்மாவும் கோதுமை ரவையும் வந்தன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் சேர்க்கை எகிறும், நீங்களே எண்ணிப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் உண்டு. இதன் அருமை நம் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பா விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், அம்மா ஏழு மணிக்கு அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலை). எங்கள் காலத்தில் முதல் பாடவேளையில் தலை சுற்றி விழுகிற பிள்ளைக்குக் கொடுக்க நான் பையில் பிஸ்கட் வைத்திருப்பேன்.

கடைசியாக அந்த 41. விழாக் குழு அதை மறைக்கச் சொல்லும். மறைக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்த நிலைக்கு நம்மைத் தூக்கிவிட்டதில் இந்த ஓட்டுக்கூரைப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு. அங்கே படித்தவர்கள் ஒன்றிரண்டு பிள்ளை போதும் என்று நிறுத்தினார்கள், அந்தப் பிள்ளையையும் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். என் பேரனும் அந்த வேனில்தான் போனான், மருமகளிடம் வாய் திறக்க முடியுமா? தொழில் கட்டத்தில் பனையேற்று மறைந்து கொத்தனார், டிரைவர், வெளிநாடு என்று வருவதைப் பாருங்கள். பிறகு அந்த "வெளிநாடு" வீட்டுப் பிள்ளைகளே பதிவேட்டில் வராமல் போவதையும் பாருங்கள். நீங்கள் கேட்ட வளர்ச்சி அதுதான். அதை ஏறுமுகமாக மட்டும் எழுத முடியாது.


கடலோரம்:

டீச்சர் சொன்னது பதிவேடு இருக்கிற பள்ளிக்கு. எங்களுக்குக் குளச்சல் பக்கத்துக் கடற்கரை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அலையில் பீரோவோடு எல்லாம் போய்விட்டது. பங்குப் பள்ளி, அரசு உதவி பெறுவது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஊரில் வயதானவர்களிடம் பழைய டி.சி. இருக்கிறதா என்று கேட்டு வீடு வீடாகப் போனோம். டி.சி.யில் சேர்க்கை எண்ணும் சேர்ந்த தேதியும் இருக்கும் இல்லையா? ஒருவருடையதில் எண் 212, 1938. இன்னொருவருடையதில் எண் 390, 1947. இப்படி ஒரு நோட்டு நிறைய எடுத்து வரிசையாக அடுக்கினால் எந்தக் காலத்தில் பிள்ளைகள் வேகமாகச் சேர்ந்தார்கள், எப்போது தேங்கிப் போனது என்று தெரிந்துவிடும். ஒரு பெரியவர் 1930களில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போட்ட விண்ணப்பத்தோடு தன் டி.சி.யைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். வேலை கிடைக்கவில்லை, அதனால்தான் டி.சி. பிழைத்தது என்றார்.

கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடும் உதவும். எந்த வருடத்திலிருந்து பெற்றோர் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கல்யாணப் பதிவேட்டில் பார்த்தோம். மணமகன்கள் முதலில், மணமகள்கள் ரொம்பப் பின்னால். டீச்சர் சொன்ன அந்த 63-ஆம் எண் மாதிரிதான்.

கடற்கரையில் பனைக்குப் பதில் சீசன். மீன் பாடு நன்றாக இருந்தால் பையன்கள் வகுப்பில் இருக்க மாட்டார்கள்.


சர்வேக்கல்:

நிலத் தகராறு பற்றி மட்டும் சொல்கிறேன். வருவாய்த் துறையில் இருந்தவன்.

"எங்கள் தாத்தா கொடுத்தார்" என்று சொல்லும் இரண்டு குடும்பமும் பல இடங்களில் நிஜமாகவே கொடுத்திருக்கும். முதல் ஓலைக் கொட்டகைக்கு ஒருவர் ஐந்து சென்ட். பிறகு ஓட்டுக் கட்டடம் வரும்போது இடம் போதாமல் பக்கத்துக்காரர் ஐந்து சென்ட். பிரமாணம் எழுதாமல் வாய்ச்சொல்லாகவே விட்டிருப்பார்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலகத்தில் பள்ளியின் சர்வே எண்ணைக் கேளுங்கள். உட்பிரிவு இரண்டாக இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். புறம்போக்கு என்று இருந்தால் மலரில் யாருக்கும் நன்றி சொல்லிவிடாதீர்கள், இரண்டாவது குடும்பம் விழாப் பந்தலைப் பிரித்துவிடும்.

பழைய தண்டப்பேர் (நிலவரி) கணக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்களும் அடுத்த படி. இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது அவ்வளவு பழைய வருடங்களுக்கு உதவாது, ஆளே போய்த் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்காக நான் ஓர் அலுவலகத்தில் மனுப் போட்டபோது, அந்தக் காலத்துப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை பார்த்த எனக்கே அந்தக் கதி. பொறுமை வேண்டும். கல்வித் துறையின் பழைய கோப்புகள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். மலையாளம் வாசிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.


அக்கானி88:

எல்லாருக்கும் நன்றி, டீச்சருக்குத் தனியாக. இப்போதைய தலைமையாசிரியை நல்ல மாதிரி, கேட்டதும் தேடி எடுத்து முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். தேர்தல் சாமானுக்கு அடியில்தான் இருந்ததாம்.

முதல் தேதி 1099 துலாம் (ஐப்பசி) 12. கணக்குப் போட்டால் 1923 அக்டோபர் கடைசி. ஆக 1924 இல்லை. குழுவிடம் சொன்னேன். நீங்கள் சொன்ன அதே பதில் வந்தது.

ஆனால் ஒன்று புரியவில்லை. முதல் பக்கத்தில் இருக்கிற 32 பேரும் அதே ஒரே தேதியில் சேர்ந்திருக்கிறார்கள். அதில் 9 பேர் இரண்டாம் வகுப்பு, 5 பேர் மூன்றாம் வகுப்பு. புதுப் பள்ளியில் முதல் நாளே மூன்றாம் வகுப்பு எப்படி? முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் பலருக்கு வெறும் கோடு, சிலருக்குக் "குடிப்பள்ளி", இரண்டு பேருக்கு "மிஷன்" என்று இருக்கிறது.


பழைய_டீச்சர்:

உங்கள் பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் இனிப்பு வாங்கிக் கொடுங்கள் தம்பி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வானத்திலிருந்து குதிக்காது. துலாம் 12 சர்க்கார் பதிவேடு திறந்த நாள். அதற்கு முன்பே இரண்டு மூன்று வருடமாவது அங்கே யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். குடிப்பள்ளி என்றால் ஆசான் பள்ளி. ஆசானிடம் படித்தவர்களையும், மிஷன் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து, கேள்வி கேட்டுப் பார்த்து, இவன் இரண்டு, இவன் மூன்று என்று பிரித்திருப்பார்கள். கோடு போட்டவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் முதல்முறை பள்ளிக்கு வந்தவர்கள். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பாக இருக்கும், சரிபாருங்கள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் வயதையும் பாருங்கள். பத்து, பதினொன்று வயதில் ஒன்றாம் வகுப்பு இருந்தால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். ஊரில் பள்ளி வரட்டும் என்று காத்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

ஆசான் யார் என்று பாட்டியிடம் கேட்கும்போது பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தோப்பில் நடந்தது, மணல் எங்கிருந்து கொண்டுவருவார்கள், அடி எதனால் விழும், இதையெல்லாம் கேளுங்கள். போனில் வேண்டாம். ஊரில் இருக்கிற உங்கள் தங்கையையோ மச்சானையோ அனுப்பி, பதிவு செய்து வாங்குங்கள். விழா வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள், பாட்டிகள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

சுவரில் 1924 கிடக்கட்டும். நீங்கள் மலரில் "கொல்லம் ஆண்டு 1099, துலாம் 12" என்றே எழுதி, பதிவேட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. கேட்கிறவனுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

ஆய்வுப் புத்தகத்தில் மலையாளக் குறிப்புகள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், பழைய மை வெளுத்துத் தெரியும். வராந்தாவில் வைத்து, வெயில் நேராக விழாமல், இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். முதுகை அழுத்தி விரிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுங்கள், எங்களுடையது அப்படித்தான் பிய்ந்தது.


நாஞ்சில்வயல்:

டீச்சர், எங்கள் பள்ளி மலர் போன வருடமே அச்சடித்துக் கொடுத்தாயிற்று. இருந்தாலும் நாளைக்குப் போய் அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லப் போகிறேன்.